முப்பத்திரண்டா, அறுபத்து நாலுங்களா?

முதலிபாளையம், அக்டோபர் 3, 2025 – வெள்ளி

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் கீபோர்டு ஓரத்தில் காய்ந்து கிடக்கிறது. அதைத் துடைப்பதற்குள் போன். சிட்கோ எஸ்டேட்டுக்குள் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அம்மிணி.

"அண்ணா, நீங்க கொடுத்த பென்டிரைவுல ரெண்டு பைல் இருக்குதுங்க. முப்பத்திரண்டுன்னு ஒண்ணு, அறுபத்து நாலுன்னு ஒண்ணு. எதைப் போடறதுங்க?"

"திஸ் பிசியை ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் போங்க. சிஸ்டம் டைப்னு ஒரு வரி இருக்கும். அதைப் படிங்க."

"32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு பிராசஸர்னு போட்டிருக்குதுங்க. ரெண்டுமே இருக்குதுங்களே, அப்ப ரெண்டையும் போட்டரட்டுங்களா?"

திரையில் இருப்பதைத்தான் படித்தார். அந்த வரியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிராசஸருக்கு 64 பிட்டில் ஓடத் தெரியும், ஆனால் அதன்மேல் போட்ட விண்டோஸ் 32 பிட். 2 ஜிபி மெமரியோடு மலிவாகப் பெட்டி வாங்கியவர்களுக்கெல்லாம் கடைக்காரர்கள் 32 பிட் விண்டோஸையே போட்டுக் கொடுத்த காலம் உண்டு. பெட்டி மாறவில்லை. விண்டோஸ் 7 போய் 10 வந்தபோதும் 32 மேல் 32 தான் ஏறியது. அதில் 64 பிட் புரோகிராமைத் தட்டினால் திறக்காது, புரியாத ஒரு மெசேஜ்தான் வரும். "முப்பத்திரண்டைப் போடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

20ஆம் தேதி தீபாவளி. அதற்கு முந்தைய வாரமே போனஸ் பட்டுவாடா. சட்டம் 8.33 சதவீதத்தில் தொடங்கி 20 வரை போகலாம் என்கிறது. எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி பேச்சு. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டதில், எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் இன்னும் சதவீதத்தையே சொல்லவில்லை. சொன்ன அன்றைக்கே லிஸ்ட் அடிக்க வேண்டும். ஆக, எங்கள் சம்பள புரோகிராமில் போனஸ் கணக்கு சேர்த்த புது வெர்ஷன் அதற்கு முன்பே எல்லார் கம்ப்யூட்டரிலும் ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு சிஸ்டம் டைப்பைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் பொங்கல் வந்துவிடும்.

என்னோடு புரோகிராம் எழுதும் தம்பியிடம் சொல்லிவிட்டேன்: இனி ஒரே செட்டப், அது யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. எந்தக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதையே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தனக்கே தெரிந்துகொள்ள வழியிருக்கும்போது ஆளைக் கேட்கிற செட்டப், சோம்பேறி எழுதிய செட்டப்.

அக்டோபர் 4 – சனி

சம்பள நாள். மதியத்துக்கு மேல் எந்தக் கம்பெனியிலும் ஆள் பிடிக்க முடியாது. டெய்லர்களுக்குப் பீஸ் ரேட், ஹெல்பர்களுக்கு ஷிப்ட் கணக்கு, அட்வான்ஸ் கழிவு, அப்புறம் கவர் போடுவது. நாமும் பேசாமல் வேலையைப் பார்க்கலாம்.

தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டான். "32 பிட்டையே எல்லாத்துக்கும் போட்டா என்னங்ணா? அது 64 விண்டோஸ்லயும் ஓடுமே."

ஓடும். 64 பிட் விண்டோஸுக்குள் 32 பிட் புரோகிராமை ஓட்டுவதற்கென்றே வாவ்64 என்றொரு அடுக்கு இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழைய சரக்கெல்லாம் அதன் புண்ணியத்தில் இன்னும் ஓடுகிறது. இப்படியே விட்டுவிடலாம் என்று எனக்கும் ஆசைதான். இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதலாவது மெமரி: 32 பிட் புரோகிராமுக்கு, பெட்டியில் எவ்வளவு இருந்தாலும், வழக்கமாக 2 ஜிபிக்கு மேல் கை நீட்ட முடியாது. பெரிய கம்பெனியில் ஒரு வருடத்துப் பீஸ் ரேட் பதிவு முழுவதையும் போனஸுக்காக ஒரே மூச்சில் இழுக்கும்போது அது போதவில்லை. புரோகிராமைச் சிக்கனமாக மாற்றி எழுதலாமே என்பார்கள். எழுதலாம், தீபாவளிக்குள் முடியாது.

இரண்டாவது, கைரேகைக் கருவியின் டிரைவர். அதைத் திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.

அக்டோபர் 6 – திங்கள்

பேப்பரில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தோம். எங்கள் பாக்கேஜுக்குள் இருப்பது ஒரு புரோகிராம் இல்லை, மூன்று.

ஒன்று, சம்பள, போனஸ் புரோகிராம். டாட்நெட் பிரேம்ஒர்க் 4.8இல் எழுதியது, விண்டோஸ் 7 வரைக்கும் இறங்கி ஓடும். இதை 32, 64 என்று இரண்டு விதமாகவும் கம்பைல் பண்ணி வைத்திருக்கிறோம்.

இரண்டு, பழைய கணக்கை எடுத்து வரும் குட்டி புரோகிராம். ஆரம்பத்தில் விபி6இல் எழுதிய சாஃப்ட்வேர் சில கம்பெனிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கணக்கெல்லாம் ஆக்சஸ் எம்டிபி பைலில் தூங்குகிறது. அதைத் திறக்கும் ஜெட் 4.0 என்ற பகுதியை மைக்ரோசாப்ட் 64 பிட்டில் விடவே இல்லை. 64 பிட் புரோகிராமிலிருந்து அதைக் கூப்பிட்டால், "புரொவைடர் இந்த மிஷினில் ரிஜிஸ்டர் ஆகவில்லை" என்கிற மாதிரி ஒரு மெசேஜ் வரும். பெட்டியில் அது இருக்கும், ஆனால் 64 பிட்காரன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பிராசஸுக்குள் 32 பிட் டிஎல்எல்லும் 64 பிட் டிஎல்எல்லும் சேர்ந்து உட்காரவே முடியாது. ஆக, இந்தக் குட்டி எத்தனை புது கம்ப்யூட்டராக இருந்தாலும் 32 பிட்தான். வேலையை முடித்துவிட்டு வெளியே போய்விடும்.

மூன்று, கைரேகைக் கருவியின் டிரைவர். வாசலில் யுஎஸ்பியில் மாட்டி வைத்திருக்கும் சின்ன ரீடர். புரோகிராமை 32இல் ஓட்டி ஏமாற்றலாம். டிரைவரை ஏமாற்ற முடியாது. அது விண்டோஸின் அடிவயிற்றில் போய் உட்காரும் சரக்கு, அங்கே வாவ்64 கிடையாது. விண்டோஸ் எதுவோ அதுவாகவே டிரைவரும் இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் தம்பி தலையைச் சொறிந்தான். "அப்ப ஒரே மிஷினுக்கு மூணு பதிலுங்களாண்ணா?" ஆமாம். "இந்தக் கம்ப்யூட்டர் என்ன பிட்?" என்பது ஒற்றைக் கேள்வியே இல்லை. பிராசஸருக்கு என்ன தெரியும், மேலே என்ன விண்டோஸ், புரோகிராம் தனக்குள் எதைக் கூப்பிடப் போகிறது, மூன்றையும் பார்த்துத்தான் எதைப் போடுவது என்று சொல்ல முடியும். இதில் பிராசஸர்தான் ரொம்ப லேசான பகுதி. எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

அக்டோபர் 7 – செவ்வாய்

காலையில் தம்பி கண்டுபிடிப்போடு வந்தான். கம்பைல் பண்ணும்போது 'எனி சிபியூ' என்று வைத்துவிட்டால் டாட்நெட் புரோகிராம் 32 விண்டோஸில் 32 ஆகவும், 64இல் 64 ஆகவும் தானே மாறிக்கொள்ளுமாம். சரிதான், மாறிக்கொள்ளும். போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னேன். மெனு வந்தது, ஆட்கள் லிஸ்ட் வந்தது. கைரேகை பட்டனை அழுத்தியதும் 'பேட் இமேஜ் பார்மட்' என்று விழுந்தது. டாட்நெட் பகுதி மாறும், அது கூப்பிடும் டிஎல்எல் மாறாதே.

வேடிக்கை என்னவென்றால், கருவி விற்றவர்கள் கொடுத்த சிடியில் 'எக்ஸ்64' என்றே ஒரு போல்டர் இருக்கிறது. அதிலிருந்துதான் எடுத்தான். பெயரை நம்பாதே, பைலுக்குள் பார் என்று ஹெக்ஸ் எடிட்டரைத் திறந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். இதைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும், அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் உதவும்.

விண்டோஸ் புரோகிராம் எதுவானாலும் முதல் இரண்டு எழுத்து எம், இசட். டாஸ் காலத்தில் இந்த பார்மட்டை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாப்ட் பொறியாளரின் முதலெழுத்துகள். உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு இஎக்ஸ்இ பைலின் நெற்றியிலும் அந்த மனிதர் தன் இனிஷியலை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அங்கிருந்து 3சி என்ற இடத்துக்குப் போனால் ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரிக்குத் தாவினால் பி, இ என்று இரண்டு எழுத்து, இரண்டு சைபர். அதற்கு அடுத்த இரண்டு பைட்தான் நமக்கு வேண்டியது. 64 86 என்று இருந்தால் எக்ஸ்64. 4சி 01 என்றால் 32 பிட். 64 ஏஏ என்றால் ஆர்ம்64. பைட்டுகள் முன்பின்னாகக் கிடக்கும், திருப்பிப் படிக்க வேண்டும்: 8664, 014சி, ஏஏ64.

தம்பி விரலை ஸ்கிரீனில் வைத்து எண்ணிக்கொண்டே போனான். 'எக்ஸ்64' போல்டரில் இருந்த டிஎல்எல்லில் 4சி 01. "32ங்ணா!" என்று கத்தினான், ஏதோ திருடனைப் பிடித்தது போல. விற்பனையாளருக்குப் போன் போட்டோம். அசல் 64 பிட் டிஎல்எல் சாயங்காலம் மெயிலில் வந்தது. திறந்து பார்த்தோம், 64 86. இனி எங்கள் பில்டில், கட்டி முடிப்பதற்கு முன் எல்லா டிஎல்எல்லிலும் அந்த இரண்டு பைட்டைப் பார்த்துச் சரிபார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். பொருந்தவில்லை என்றால் செட்டப்பே உருவாகாது.

அக்டோபர் 8 – புதன்

செட்டப்பைக் கட்டுவது இன்னோ செட்டப்பில். ஜோர்டான் ரசல் 1997இல் வெளியிட்டது. எங்களைப் போன்ற சின்னக் கடைகள் உலகம் முழுக்க அதை நம்பித்தான் பிழைக்கின்றன. அது உருவாக்கும் செட்டப் பைல் 32 பிட். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், எல்லாப் பெட்டியிலும் திறந்தாக வேண்டுமே. ஆனால் 32 பிட்காரன் 64 பிட் விண்டோஸுக்குள் நுழைந்து "இது என்ன ஊர்?" என்று கேட்டால், "உன் ஊர்தான்" என்றே பதில் வரும். பிராசஸர் ஆர்க்கிடெக்சர் என்ற வேரியபிளைப் படித்தால் எக்ஸ்86 என்கிறது. இன்டெல் பெட்டிதான், 64 விண்டோஸ்தான், இருந்தும் எக்ஸ்86. உண்மையான பதில் 'பிராசஸர் ஆர்க்கிடெடபிள்யூ6432' என்ற இன்னொரு வேரியபிளில் ஒளிந்திருக்கிறது. அங்கே ஏஎம்டி64 என்று இருக்கும். இன்டெல் பெட்டியில் ஏஎம்டி எங்கே வந்தது என்று தம்பி கேட்டான். எக்ஸ்86ஐ 64 பிட்டுக்கு நீட்டியதே ஏஎம்டிதான், 2003இல் ஆப்டெரான் சில்லில் கொண்டுவந்தார்கள். இன்டெல் அப்போது இட்டேனியம் என்று வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இந்த வழிக்கு வந்தது.

மதியம் டிரைவர் போடும் கட்டம். அதற்கு விண்டோஸிலேயே பிஎன்பியூடில் என்ற சின்னக் கருவி இருக்கிறது. சிஸ்டம்32 போல்டரில் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் செட்டப் கூப்பிட்டால் "அப்படி ஒரு பைலே இல்லை".

இதற்குக் காரணம் தெரிந்தால் சிரிப்பு வரும். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற போல்டருக்குள் இருப்பதெல்லாம் 64 பிட் சரக்கு. 32 பிட் சரக்கு இருப்பது சிஸ்வாவ்64 என்ற போல்டரில். எல் சைஸ் பண்டலில் எஸ் ஸ்டிக்கரும், எஸ் பண்டலில் எல் ஸ்டிக்கரும் ஒட்டின கதை. சிஸ்டம்32 என்ற பாதையைத் தங்கள் கோடில் நேரடியாக எழுதி வைத்திருந்தவர்கள் 64க்கு மாறும்போது தடுமாறக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே 32 பிட் செட்டப் சிஸ்டம்32 என்று கேட்டால், விண்டோஸ் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64க்குத் திருப்பிவிடும். பிஎன்பியூடில் அங்கே இல்லை. சிஸ்நேட்டிவ் என்று ஒரு பொய் முகவரி உண்டு, அதைச் சொன்னால் நிஜமான போல்டருக்குப் போகலாம். எக்ஸ்புளோரரில் தேடினால் அப்படி ஒரு போல்டரே தெரியாது. ஓடிபிசி செட்டிங் கூட இதே கூத்துதான். 32க்கு ஒன்று, 64க்கு ஒன்று, இரண்டுக்கும் ஓடிபிசிஏடி32 என்ற ஒரே பெயர். இதை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ.

சிஸ்நேட்டிவ் போட்டதும் டிரைவர் ஏறியது. ரீடரில் பச்சை விளக்கு.

அக்டோபர் 9 – வியாழன்

காலை முதல் கரண்ட் இல்லை. யுபிஎஸ் மதியம் வரை தாங்கவில்லை. ஒன்றும் எழுதவில்லை. டீக்கடையில் பேச்சு முழுக்க போனஸ்தான்.

அக்டோபர் 10 – வெள்ளி

இன்றைக்கு வந்தது புதுப் பிராணி. காங்கயம் ரோட்டில் இருக்கும் ஒரு கம்பெனி ஓனரின் மகன் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாள் முழுக்க சார்ஜ் நிற்கிறதாம். "எங்கப்பா கம்ப்யூட்டர்ல இருக்கற எல்லாம் இதுலயும் வேணுங்ணா." சிஸ்டம் டைப்பைப் பார்த்தேன்: 64 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், ஆர்ம் பேஸ்டு பிராசஸர். போன ஆண்டு ஜூன் மாதம் ஸ்னாப்டிராகன் எக்ஸ் போட்ட லேப்டாப்புகள் கடைக்கு வந்தன. போனுக்குள் இருக்கும் சில்லின் வம்சம். முதலிபாளையத்துக்கு வர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

எங்கள் செட்டப் அதை எக்ஸ்64 என்றே முடிவு கட்டியது. வழக்கமாகக் கூப்பிடும் விண்டோஸ் பங்ஷன் அப்படித்தான் பதில் சொல்லும். பழைய புரோகிராம் எதுவும் மிரண்டு ஓடிவிடக் கூடாது என்று, உள்ளே ஆர்ம் இருந்தாலும் வெளியே இன்டெல் வேஷம் போடச் சொல்லி மைக்ரோசாப்ட் வைத்த ஏற்பாடு அது. வேஷம் புரோகிராமுக்கு நல்லது: விண்டோஸ் 11இல் எக்ஸ்64 புரோகிராமை ஆர்ம் சில்லுக்கு உடனுக்குடன் மொழிமாற்றி ஓட்டும் பிரிசம் என்ற எமுலேட்டர் இருக்கிறது. எங்கள் சம்பள புரோகிராம் அதில் தடையில்லாமல் ஓடுகிறது. டிரைவருக்குத்தான் வேஷம் ஆகாது.

நிஜத்தைச் சொல்லும் பங்ஷன் ஒன்று உண்டு: இஸ்வாவ்64பிராசஸ்2. கடைசியில் இருக்கும் அந்த 2 முக்கியம். கேட்டால் இரண்டு பதில் தரும்: நீ யாராக ஓடிக்கொண்டிருக்கிறாய், அடியில் நிஜமாக இருப்பது என்ன. இந்த லேப்டாப்பில் இரண்டாவது பதில் ஏஏ64. செவ்வாய்க்கிழமை பைலுக்குள் பார்த்த அதே எண் என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். ஒரு சிக்கல், இந்தப் பங்ஷன் 2015இல் வந்த விண்டோஸ் 10இன் 1511 பதிப்பில்தான் சேர்ந்தது. விண்டோஸ் 7இல் நேரடியாகக் கூப்பிட்டால் செட்டப்பே திறக்காது. அதனால் முதலில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று ஓடும்போதே விசாரித்து, இல்லையென்றால் பழைய பங்ஷனுக்குப் போகும்படி எழுதியாகிவிட்டது. அது இல்லாத பெட்டியில் ஆர்ம் இருக்கப் போவதில்லை, பயமில்லை.

கைரேகை டிரைவரின் ஐஎன்எஃப் பைலைத் திறந்தோம். நோட்பேடில் படிக்கக்கூடிய வெறும் டெக்ஸ்ட்தான். என்டிஎக்ஸ்86 என்று ஒரு பகுதி, என்டிஏஎம்டி64 என்று ஒரு பகுதி. என்டிஆர்ம்64 இல்லை. இல்லாததை நாம் உண்டாக்க முடியாது, விற்றவர்கள்தான் தர வேண்டும். மெயில் போட்டிருக்கிறோம். அதுவரை ஆர்ம் லேப்டாப்பில் செட்டப் டிரைவரைத் தொடாது. "இந்த லேப்டாப்பில் கைரேகைக் கருவியை மாட்ட முடியாது, வருகைப் பதிவு ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து வரும்" என்று தமிழில் ஒரு வரி காட்டிவிட்டு மற்றதைப் போட்டுவிடும்.

அடுத்து பண்டல் ஸ்டிக்கர் பிரிண்டர், அதற்கும் ஆர்ம் டிரைவர் இல்லை. இதற்கு வழி இருந்தது. பிரிண்டரில் நெட்ஒர்க் கேபிள் சொருகும் இடம் இருக்கிறது. இசட்பிஎல் என்ற மொழியில் நாலு வரி டெக்ஸ்டை 9100 என்ற போர்ட்டுக்கு அனுப்பினால், டிரைவரே இல்லாமல் பார்கோடு அடித்துத் தள்ளுகிறது. லாட் நம்பர், சைஸ், பீஸ் எண்ணிக்கை எல்லாம் பளிச்சென்று. ஓனர் மகன் ஸ்டிக்கரைக் கிழித்து லேப்டாப் மூடியிலேயே ஒட்டிக்கொண்டு போனார்.

ஆப்பிள்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 2006இல் இன்டெலுக்குப் போனபோதும், 2020இல் தங்கள் சொந்த ஆர்ம் சில்லுக்கு வந்தபோதும், இரண்டு விதத்தையும் ஒரே பைலுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள், ஓடும்போது வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரே போனைப் பார்த்துச் சரியானதை அனுப்புகிறது. விண்டோஸில், பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கும் எங்கள் மாதிரி ஆட்களுக்கு அந்தப் பொறுப்பு செட்டப் தலையில்.

அக்டோபர் 13 – திங்கள்

செட்டப் ஸ்கிரிப்ட் முழு வடிவத்துக்கு வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சின்னது. எப்போது 64 பிட்டாக நிறுவுவது என்று சொல்ல இன்னோவில் ஒற்றை வரி போதும். அதில் முன்பெல்லாம் 'எக்ஸ்64' என்று எழுதுவோம். 2024இல் வந்த 6.3 பதிப்பிலிருந்து 'எக்ஸ்64கம்பாட்டிபிள்' என்று எழுதலாம். நிஜ எக்ஸ்64 பெட்டியும், எக்ஸ்64ஐ எமுலேட் பண்ணத் தெரிந்த ஆர்ம் விண்டோஸ் 11ம் இரண்டுமே அதற்குள் வந்துவிடும். ஆர்மில் ஓடும் பழைய விண்டோஸ் 10க்கு 32 பிட் எமுலேஷன் மட்டும்தான் தெரியும், அது தானாகவே 32 பக்கம் போய்விடும். ஒவ்வொரு பைலுக்கும் பக்கத்தில் 'செக்' என்று ஒரு நிபந்தனை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே பைலில் அடைத்ததில் எடை ஏறியது. ஏறட்டும். இரண்டு பைல் கொடுத்து ஒரு ஆளைக் குழப்புவதைவிட, ஒரு பைல் பெரிதாக இருப்பது மேல்.

சாயங்காலம் கையெழுத்து வேலை. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத செட்டப்பைத் திறந்தால், விண்டோஸ் நீல நிறத்தில் ஒரு பெரிய எச்சரிக்கையைக் காட்டி ஆளை விரட்டுகிறது. 2023 ஜூனிலிருந்து அந்தக் கையெழுத்துச் சாவியைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்க விடுவதில்லை, யுஎஸ்பி டோக்கன் மாதிரி தனி ஹார்டுவேரில்தான் தருகிறார்கள். உள்ளே போகும் இஎக்ஸ்இ ஒவ்வொன்றுக்கும், கடைசியில் செட்டப்புக்கும் கையெழுத்துப் போட வேண்டும். டோக்கன் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்டது. தம்பியை உட்கார வைத்துவிட்டு நான் டீக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 14 – செவ்வாய்

விண்டோஸ் 10க்கு இன்றோடு மைக்ரோசாப்டின் ஆதரவு முடிகிறது. காலையிலிருந்து போன். "இன்னைக்கு மேல கம்ப்யூட்டர் ஓடாதுங்களாமா?" ஓடும். பாதுகாப்பு அப்டேட்தான் நின்றுவிடும், பதிவு செய்துகொண்டால் வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருடம் வரும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே இங்கே இருக்கும் 32 பிட் பெட்டிகளுக்கு அடுத்த படி என்று ஒன்று இல்லை. அப்படியே ஓடி ஓய வேண்டியதுதான். அதுவரைக்கும் நமது 32 பிட் புரோகிராமும் கூடவே இருக்கும். வரி விஷயம் தெளியாமல் யாரும் இந்த வருடம் புதுப் பெட்டி வாங்கப் போவதில்லை.

அக்டோபர் 16 – வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். செக்கிங் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் அக்கா இடத்துக்கு நனைந்துகொண்டே போனேன். வரிசை வீட்டின் முன்னறையில் டேபிள் போட்டு நாலைந்து பெண்கள் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் கம்ப்யூட்டர். கைமாறி வந்த பெட்டி, விண்டோஸ் 7, 32 பிட், அதை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. ஃபேன் ஓட்டையை அடைத்துப் பிசிர் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. முதலில் அதை ஊதி எடுத்தேன்.

பென்டிரைவைச் சொருகிவிட்டு, "நீங்களே போடுங்கக்கா" என்றேன். எப்படிப் போடுகிறார் என்று பார்க்கத்தான் போனதே.

"நானா? அழிஞ்சு கிழிஞ்சு போயிருச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. அந்த ஒரு பட்டன்தான்."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் மவுசைப் பட்டென்று தட்டினார். கோடு ஓடியது. நடுவில் கொஞ்ச நேரம் நின்றது, பழைய எம்டிபி பைலைக் கண்டுபிடித்துக் கணக்கை இழுத்துக்கொண்டிருந்தது. அதையும் திரையில் ஒரு வரியாகக் காட்ட வேண்டும், அக்கா முகத்தைப் பார்த்தால் பயந்துவிட்டார். முடிந்ததும் ஆட்கள் லிஸ்ட் வந்தது. ரீடரில் விரல் வைத்தார், எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தார், பெயர் வந்தது.

செட்டப் எழுதிய லாக் பைலைத் திறந்து பார்த்தேன். புதிய பங்ஷன் இல்லை, பழையது கேட்கப்பட்டது, விண்டோஸ் 32, புரோகிராம் 32, டிரைவர் என்டிஎக்ஸ்86, எம்டிபி மாற்றம் சரி. இந்த லாக்கை ஆரம்பத்திலேயே வைத்தது நல்லதாகப் போயிற்று. இனி எந்தக் கம்பெனியில் பிரச்சினை என்றாலும் அந்த ஒரு பைலை வாட்ஸப்பில் போடச் சொன்னால் போதும்.

டீ வைத்துக் குடிக்க வைத்துவிட்டுத்தான் அக்கா கிளம்ப விட்டார்.

அக்டோபர் 17 – வெள்ளி

நேற்று இரவே பெரும்பாலான கம்பெனிகளுக்கு அனுப்பியாகிவிட்டது. காலையில் ஒரே ஒரு முணுமுணுப்பு. வீதிக்கடைசி கம்பெனியில் டெஸ்க்டாப்பில் இரண்டு ஐகானாம், ஒன்றைத் திறந்தால் போனஸ் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

லாக்கைப் போடச் சொல்லிப் பார்த்தோம். 64 பிட் விண்டோஸ். முன்பு யாரோ அதில் 32 பிட் செட்டப்பைப் போட்டிருக்கிறார்கள், ஓடிக்கொண்டும் இருந்தது. இப்போது புது செட்டப் சரியாக 64ஐத் தேர்ந்து புரோகிராம் பைல்ஸ் போல்டரில் போட்டிருக்கிறது. பழையது பக்கத்தில் எக்ஸ்86 என்று வால் ஒட்டிய போல்டரில் அப்படியே இருக்கிறது. ரிஜிஸ்ட்ரியிலும் 32க்கு வாவ்6432நோட் என்று தனிக்குடித்தனம். இந்தப் பக்கம் பார்ப்பவனுக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதே தெரியாது. ஒன்றையொன்று அப்டேட் என்று நினைக்காமல், வேறு வேறு புரோகிராம் என்று நினைத்துக்கொண்டன.

தம்பி மதியச் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்கவில்லை. 64 ஆக நிறுவும் முன், 32 பக்கத்து ரிஜிஸ்ட்ரியை எட்டிப் பார்த்து, பழையது இருந்தால் அதன் அன்இன்ஸ்டாலரைச் சத்தமில்லாமல் ஓட்டி, டேட்டா பைலைத் தொடாமல் புரோகிராமை மட்டும் எடுத்துவிடும்படி எழுதினான். இரண்டு முறை வேண்டுமென்றே பழையதைப் போட்டு, அதன்மேல் புதியதைப் போட்டுப் பார்த்தான். மூன்று மணிக்கு அனுப்பினோம்.

நாலு மணிக்கு அங்கிருந்து போன். போனஸ் லிஸ்ட் பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் பின்னால் கேட்டது. பழைய ஐகான் போய்விட்டதாம். அந்த இடத்துக்கு இப்போது பட்டாசுச் சீட்டு எக்சல் பைலை இழுத்து வைத்திருக்கிறார்களாம்.